நெருப்புச்சட்டிக்கு ஒரு மூடி

கார்பன் மோனாக்சைடைப் பற்றி என் மனைவியிடம் நான் பேச ஆரம்பித்தது கல்யாணமான மூன்றாம் நாள். மாமனார் வீட்டு விருந்து முடிந்து இருவரும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புதுமாப்பிள்ளை பேசுவதற்கு வேறு எத்தனையோ இருந்தன என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதற்கு வாசனையே கிடையாதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கிடையாது, நிறமும் கிடையாது என்றேன். அப்படியானால் வந்ததே தெரியாதே என்றாள். நல்ல மாணவி கிடைத்தாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மாணவர்களுக்குப் பிப்பெட்டில் உறிஞ்சக் கற்றுக்கொடுப்பதும், உறிஞ்சியதை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. அது போக, மதுரையில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். காப்பர் ஆக்சைடு என்ற கருப்புத் தூள் கார்பன் மோனாக்சைடைத் தீங்கில்லாத வாயுவாக மாற்றும். தன்னிடமுள்ள ஆக்சிஜனை அதற்குக் கொடுத்துவிடும். கொடுத்ததைக் காற்றிலிருந்து மறுபடி வாங்கிக்கொள்ளும். எத்தனை தடவை இப்படிச் செய்தாலும் தூள் தூளாகவே இருக்கும். இந்த மாதிரிப் பொருளைத்தான் வினையூக்கி என்கிறோம். அது நன்றாக வேலை செய்ய எவ்வளவு சூடு வேண்டும், எப்படித் தயாரித்தால் நீண்ட நாள் உழைக்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

தூளைத் தயாரிப்பது பெரிய வித்தை இல்லை. தோட்டக்காரர்கள் மருந்தடிக்க வாங்குகிற அதே மயில்துத்தத்தைக் கரைத்து, சலவைச் சோடாவைச் சேர்த்தால் பச்சையும் நீலமுமாக ஒரு சேறு அடியில் தங்கும். அதை வடிகட்டிக் கழுவி, காயவைத்துச் சுட்டால் கருப்பாகிவிடும். கழுவுவதுதான் பெரும்பாடு. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊரில், ஒரு கைப்பிடிச் சேற்றைப் பதினைந்து தடவை கழுவுகிறவனைப் பார்த்து ஆய்வுக்கூட அட்டெண்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இருந்தாலும் நல்ல மனிதர். ஒருநாள் என் கண்ணாடிக் குழாயில் கசிவு இருந்தது தெரியாமல் நான் அந்த வாயுவைச் சுவாசித்துவிட்டேன். தலை அம்மிக்கல்லாகக் கனத்தது, கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அட்டெண்டர்தான் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்துப்போய் வேப்பமரத்தடியில் போட்டார். தோல் பதனிடும் ஷாப்புகள் பக்கமிருந்து வீசிய காற்று அன்றைக்கு மணத்ததைப் போல் எனக்கு என்றைக்கும் மணத்ததில்லை.

மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். வடமதுரையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடலைக் காடுகளுக்கு நடுவே அரை மணி நேரம் நடந்தால் அந்த ஊர் வந்துவிடும். கார்த்திகைக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பத்து நாள் கழித்து நான் போய்ப் பார்த்தபோது குழந்தை பூசணிப் பிஞ்சு மாதிரி இருந்தது. மனைவிதான் வாடிப்போயிருந்தாள். காலையில் எழுந்தால் தலைவலி, குமட்டல், எதைச் சாப்பிட்டாலும் நிற்கவில்லை என்றாள். மாமியார் பத்தியம் போதவில்லை என்று சொல்லிக் கஷாயத்தைக் கூட்டியிருந்தார்.

நான் வாசற்படியில் நின்றபடி அறையைப் பார்த்தேன். ஒரே ஜன்னல், அதில் வைக்கோலைத் திணித்துச் சாக்கு அடைத்திருந்தது. கதவின் கீழ் இடுக்கில் பழைய சேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்சட்டி நிறைய அடுப்புக்கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. பிள்ளை பெற்றவள் உடம்பில் குளிர் ஏறக்கூடாது என்பதற்காக அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாரும் வைப்பதுதான். சிறுமலையிலிருந்து இறங்குகிற மார்கழிக் காற்றுக்கு அது தேவையும்தான். ஆனால் மூடிய அறையில் கனலும் கரி என்ன வாயுவைக் கக்கும் என்று இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருப்பவன் நான்.

பயம் வந்தால் கோபமாக வெளியே வருவது என் சுபாவம். ஜன்னலை இந்த நிமிஷமே திறக்க வேண்டும் என்று கத்தினேன். அதில் எழுபது சதவீதம் ஆங்கிலத்தில் கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். மாமியார் குரலை உயர்த்தவில்லை. அவருடைய தங்கை முதல் பிரசவத்தில் ஜன்னி கண்டு இறந்தவள். ஒரு மழை நாளில் அறையைத் திறந்து போட்டதால் வந்த வினை என்று அந்தக் குடும்பமே நம்பியது. அதை எனக்கு நினைவுபடுத்திவிட்டு, "இந்த நாப்பது நாளும் எம்பொறுப்பு மாப்பிள. பெறகு ஒங்க வீட்ல பட்டப்பகலாத் தொறந்து வச்சுக்கங்க" என்றார். மருமகன் அந்த வீட்டில் விருந்தாளி.

அடுத்த சனிக்கிழமை அத்தாட்சியோடு போனேன். பல்லேடியம் குளோரைடு என்ற மருந்தில் நனைத்த காகிதத் துண்டு வெளிர் மஞ்சளாக இருக்கும். கார்பன் மோனாக்சைடு பட்டால் கறுத்துவிடும். தங்கத்துக்கு நிகரான மருந்து அது. பேராசிரியர் ஒரு சின்னக் குப்பியில் கொடுத்திருந்ததை ஆய்வுக்கூடத்தில் சொட்டுச் சொட்டாகச் செலவழிப்பேன். அன்றைக்குத் தாராளமாக நனைத்து, குழந்தையின் தூளிக் கயிற்றில் கட்டச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். நான் சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் காகிதம் சிலேட்டு நிறத்துக்கு வந்துவிட்டது. பாதி சந்தோஷமும் பாதி கிலியுமாக அதை மாமியாரிடம் நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கரிச்சட்டி பக்கத்துல பேப்பரைத் தொங்க விட்டா கறுக்காம வெளுக்கவா செய்யும்?" என்றார்.

என்னுடைய ஆராய்ச்சிக் குழுவில் யாரும் இவ்வளவு சுருக்கமாக என்னை மடக்கியதில்லை. மனைவி அந்தக் கறுத்த காகிதத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவளும் ஒன்றும் சொல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது. படித்துப் படித்துச் சொல்லியும் இந்த வீட்டில் என் பேச்சு ஒரு காதிலும் ஏறவில்லை என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன்.

ஜன்னலைத் திறக்க முடியாது. நெருப்பை எடுக்கவும் முடியாது. அப்படியானால் நெருப்புச்சட்டிக்கு மேலேயே வாயுவை மாற்றிவிட்டால் என்ன? என் தூளுக்கு வேண்டிய சூட்டைக் கரியே கொடுக்கும். யோசனை தோன்றிய இடத்தில் பஸ்ஸிலிருந்து குதிக்கத் தோன்றியது. மறுநாளே பாத்திரக் கடைத் தெருவில் ஒரு கன்னாரிடம் போய், சட்டியின் வாய் அளவுக்குச் செம்புத் தகட்டில் இரண்டு தட்டு, சல்லடை மாதிரி நிறைய ஓட்டை, ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும் என்று சொன்னேன். இதில் என்ன பலகாரம் சுடுவீர்கள் என்று அவர் கேட்டார். இரண்டு தட்டுக்கும் நடுவில், மூன்று மாதம் கழுவிக் கழுவிச் சேர்த்திருந்த தூளைச் செங்கல் பொடியோடு பிசைந்து பரப்பினேன். நான் குடியிருந்த வீட்டின் குளியலறையைச் சாத்திவிட்டு ஒரு கரிச்சட்டியில் சோதித்தும் பார்த்தேன். மூடி இல்லாமல் சட்டென்று கறுத்த காகிதம், மூடி வைத்தபின் வெகுநேரம் மஞ்சளாகவே நின்றது. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மூடியோடு பஸ் ஏறினேன்.

மனைவி அன்றைக்கே முகம் தெளிந்திருந்தாள். இரண்டு நாளாகத் தலைவலி தேவலை என்றாள். என் மனம் நோகக்கூடாதென்று சொல்கிறாள் என நினைத்து, அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மூடியை எடுத்துக் காட்டினேன். நெருப்பை அணைக்கப் போவதில்லை, ஜன்னலைத் தொடப் போவதில்லை என்றதும் மாமியாரும் சம்மதித்துவிட்டார். சட்டிமேல் மூடி உட்கார்ந்தது. தூளிக் கயிற்றில் காகிதம் தொங்கியது. மதியம் வரை மஞ்சள், சாயங்காலம் வரை மஞ்சள். நான் ஊர் திரும்பும் வரை அது துளிகூடக் கறுக்கவில்லை. அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்குத் திண்டுக்கல் மலைக்கோட்டையை யாராவது பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாலும் வேண்டாம் என்றிருப்பேன்.

சனிக்கிழமை போனேன். மூடி சட்டிமேல்தான் இருந்தது. ஆனால் கருப்பு மூடியைக் காணோம். கல்யாண வீட்டுச் சொம்பு போலத் தளதளவென்று சிவப்பாக மின்னியது.

"என்ன ஆச்சு இதுக்கு?" என்றேன்.

மாமியார் பெருமையோடு சொன்னார். பச்சைக் குழந்தை இருக்கும் அறையில் செம்புச் சாமான் கரியேறிக் கிடக்கலாமா என்று, தினமும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். இரண்டு தட்டையும் பிரித்தால் உள்ளேயும் ஒரே கரியும் செங்கல் தூளுமாக இருந்ததாம். கொல்லையில் கொட்டிவிட்டு உட்பக்கமும் தேய்த்துவிட்டாராம்.

என் மூன்று மாதம் கொல்லையில் வாழைமரத்துக்கு உரமாகிக்கொண்டிருந்தது. மூத்தவர் என்றும் பார்க்காமல் நான் அன்றைக்குப் பேசியதை இங்கே எழுத எனக்குத் துணிவில்லை. கரியை நல்லதென்று எங்கேயும் கேள்விப்பட்டதில்லை மாப்பிள்ளை என்று மட்டும் அவர் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். செம்பு கறுத்தால் தேய்ப்பதுதான் அவர் கைக்குத் தெரிந்த நல்ல காரியம். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனது என் தப்பு. மனைவி குழந்தையைத் தட்டிக்கொண்டே, காகிதத்தைக் கட்டிப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள் என்றாள்.

கட்டினேன். மஞ்சளாகவே இருந்தது.

கோபம் இறங்கி, தலைக்குள் வேறொன்று ஏறியது. தேய்த்த செம்பு நெருப்புமேல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானே கறுக்கும். அப்படிப் புதிதாக உண்டாகிற காப்பர் ஆக்சைடு, நான் கழுவிச் சுட்ட பழைய தூளைவிட நன்றாக வேலை செய்கிறது! மாமியார் தினம் தேய்க்கிறார், நெருப்பு தினம் கறுக்க வைக்கிறது, வினையூக்கி தினம் புதிதாகிறது. ஆய்வுக்கூடத்தில் என் தூள் நாலு நாளில் களைத்துப்போவதற்கு இதுவல்லவா மருந்து? அடுத்த நாள் திண்டுக்கல் வந்ததும் பேராசிரியருக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். புளியின் அமிலம், சாம்பலின் காரம், தகட்டின் சொரசொரப்பு என்று தனித்தனித் தலைப்பில் விளாசியிருந்தேன். மாமியாருக்கு நன்றி சொல்லும் பகுதியை ஆய்வேட்டில் எங்கே சேர்ப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தபால் கார்டு ஒன்று வந்தது. முழுக் கார்டில் ஒரே வரி. மூடியே இல்லாமல் அந்த அறையில் சமீபத்தில் சோதித்துப் பார்த்தீரா என்று கேட்டிருந்தார்.

பார்க்கவில்லை. முதல் வருஷ மாணவன்கூடச் செய்கிற காரியம் அது. காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஞாயிறு காலையில், ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது, குத்தி எடுத்துத் தருகிறேன் என்று ஒரு சாக்குச் சொல்லி மூடியை வெளியே கொண்டுவந்தேன். அறையில் சட்டி மட்டும் கனன்றது. தூளிக் கயிற்றில் புதுக் காகிதம். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மஞ்சள். இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்தேன். மஞ்சள். மருந்து கெட்டுவிட்டதோ என்று காகிதத்தைக் கழற்றி அடுப்படிக் கரித்தணல்மேல் காட்டினால் உடனே கறுத்தது. அப்படியானால் அந்த அறையில் வாயுவே இல்லை. மூடி இருந்தாலும் இல்லை, இல்லாவிட்டாலும் இல்லை.

மாமியார் தண்ணீருக்குப் போயிருந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து மனைவியிடம் நிலவரத்தைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூலைச் சுவருக்கு மேலே, உத்திரத்தின் நிழலில் நாட்டு ஓடு இரண்டு விலகி, கையகலத்துக்கு வானம் தெரிந்தது.

"நீங்க அந்தக் கறுத்த பேப்பரைக் காமிச்சுட்டுப் போனீகல்ல, அதுக்கு மறுநாளே ஒட்டடைக் கம்பால தள்ளி விட்டுட்டேன்" என்றாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க சும்மா இருப்பீகளா? நேரா ஆத்தாகிட்டப் போயி, பாத்தீகளா நாந்தான் செயிச்சேன்னு நிப்பீக. அவுக அடுத்த நிமிசம் ஓட்டை மூடிருப்பாக." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மூடியை வேற அம்புட்டு ஆசையாக் கொண்டாந்தீக" என்றாள்.

அத்தனையும் உண்மை. என் பேச்சு ஒரு காதிலும் ஏறவில்லை என்று பஸ்ஸில் புலம்பியவனுக்கு, அதே பேச்சை நம்பி ஒருத்தி பச்சை உடம்போடு எழுந்து நின்று ஓட்டைத் தள்ளியது தெரியாது. அவளுக்கு அந்த ஒரு கறுத்த காகிதமே போதுமாக இருந்தது, மூடி வேண்டியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. குழந்தையைக் கொஞ்சுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவமானமும் சந்தோஷமும் ஒரே சமயத்தில் வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. இந்த விஷயம் நம் இரண்டு பேரோடு இருக்கட்டும், இன்னும் பத்து நாள்தான் பாக்கி என்றாள். சரி என்றேன். அந்தச் சரி பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

மாமியார் தண்ணீர்க் குடத்தோடு வரும்போதே, பக்கத்து வீட்டு அம்மாளும் கூடவே வந்தார். அவருடைய மருமகளுக்கு முந்தின நாள் பிரசவம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை மூடி வந்ததிலிருந்து மகளுக்குத் தலைவலியே போன இடம் தெரியவில்லை என்று என் மாமியார்தான் கிணற்றடியில் பெருமை பேசியிருக்கிறார். தன் மருமகளும் தலையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள், மூடியை நாலு நாளைக்குக் கொடுங்கள் என்று கேட்டு வந்திருக்கிறார் அந்த அம்மாள். மாமியார் மூடியைக் கையில் எடுத்து முந்தானையால் துடைத்தார். மினுமினுவென்று, உள்ளே ஒரு சிட்டிகைத் தூள்கூட இல்லாத வெறும் செம்பு.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முகமும் வெளுத்துவிட்டது. அந்த மூடியை நம்பி, அந்த வீட்டில் கதவு இடுக்கெல்லாம் இன்னும் இறுக்கி அடைப்பார்கள். என் வாழ்க்கையில் என் மாமியார் என்னை மெச்சிய முதல் சமயம் அது. வாயைத் திறந்தால் அந்த மெச்சுதலும் போகும், மனைவியின் ஓடும் மூடப்படும். திறக்காவிட்டால், யாரோ ஒரு பெண்ணும் அவள் குழந்தையும் என்ன ஆவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மாமியாரைத் தனியாக அறைக்குள் வரச் சொல்லி, மூடியால் ஒன்றும் ஆகவில்லை என்றேன். மேலே கையைக் காட்டினேன்.

மாமியார் அண்ணாந்து பார்த்தார். அந்தக் கையகல வானத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளிடம், "இம்புட்டு நாளாவா தொறந்து கெடந்துச்சு?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் போய் மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கழுத்தில் வைத்தார். குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டார். எங்கேயும் சூடில்லை, எங்கேயும் சில்லிப்பில்லை. அவர் கண் நிறைந்துவிட்டது. செத்துப்போன தங்கையைத்தான் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. ஒட்டடைக் கம்பை எடுத்து ஓட்டை மூடப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

அவர் கம்பை எடுத்தார். இன்னொரு கையில் மூடியையும் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாளோடு கிளம்பிப் போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அவர் குரல் இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"எங்க மாப்பிள காலேசுல கண்டுபுடிச்சதுத்தா இது. வெறும் மூடி வேல செய்யாது. மேல ரெண்டு ஓடு வெலகி இருந்தாத்தேன் வேல செய்யும். நாப்பது நாளும் மூடப்படாது."

நான் எழுந்தேன். அது தப்பு, மூடிக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று போய்த் திருத்திவிட்டு வர வேண்டும் போலிருந்தது. மனைவி என் வேட்டி நுனியைப் பிடித்து, "பேசாம உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். செத்த நேரத்தில் அந்த வீட்டுக் கூரையில் ஓடு நகரும் சத்தம் கேட்டது.